கோட்டை வாசலைக் காத்தவர்

அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிட்டால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் கூடிவிடுவார்கள். "கவனம் எங்கே போயிற்று?" என்று கேட்க ஆளுக்குப் பஞ்சமிராது. ஆனால் வருஷத்தில் 364 நாள் பால் பொங்காமல் பார்த்துக்கொண்டவளை யாராவது ஒரு நாளாவது பாராட்டியதுண்டா? நடக்காமல் போன விபத்துக்கு நன்றி சொல்லும் வழக்கம் உலகத்தில் கிடையாது!

கால்பந்து மைதானத்திலும் இதே கதைதான். கோல் போட்டவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். எதிரி கோல் போடாமல் பின்வரிசையில் நின்று தடுத்தவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் ஒரு தடவை தவறிவிட்டாலோ, ஊர் முழுக்க அவர் பேச்சுத்தான்.

அப்படிப் பின்வரிசையில் நின்றே உலகப் புகழ் பெற்ற ஒருவர் உண்டு. 1966-ல் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பையை வாங்கித் தந்த காப்டன் பாபி மூர்தான் அவர். பந்தாட்டத்தில் ருசி இல்லாத சகோதரிகளும் அவர் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் பந்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

அம்மாவின் இஸ்திரிப் பெட்டி

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்பது தொழிலாளிகள் நிறைந்த பகுதி. அங்கே 1941 ஏப்ரல் 12-ந் தேதி பாபி பிறந்தான். ஜெர்மானிய விமானங்கள் லண்டன்மீது குண்டு வீசிக்கொண்டிருந்த சமயம் அது. வீட்டுக்கு ஒரே பிள்ளை. தாயார் டோரிஸ் அம்மாள் சுத்தத்தில் வெகு கண்டிப்பு. பையன் பந்தாடப் போகும்போது பனியனும் டிராயரும் மட்டுமல்ல, பூட்ஸ் நாடாவைக்கூடத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கோத்துக் கொடுப்பாராம்! சேற்றில் புரளப் போகிற பையனுக்கு இஸ்திரி போட்ட நாடா எதற்கு என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அந்தப் பழக்கம் மகனோடு கடைசிவரை வந்தது. அலமாரியில் கம்பளிச் சட்டைகளை நிறவாரியாக அடுக்கி வைப்பவர் அவர். ஆட்டத்திலும் அதே ஒழுங்குதான்.

உண்மையில், ஆட்டக்காரனுக்கு வேண்டிய லட்சணங்கள் பாபியிடம் குறைவு. ஓட்டத்தில் வேகம் கிடையாது. தலையால் பந்தை முட்டுவதிலும் சூரரல்ல. அப்படியானால் எதை வைத்துக்கொண்டு அவர் ஜயித்தார்?

அதைச் சொல்லிக் கொடுத்தவர் மால்கம் அலிஸன். வெஸ்ட் ஹாம் என்ற கிளப்பில் பின்வரிசை ஆட்டக்காரர். "பந்து உன்னிடம் வருவதற்கு முன்பே அதை யாருக்குக் கொடுக்கப் போகிறாய் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்" என்பதுதான் அவர் போதித்த பாடம். பாபி அதை மந்திரம்போல் பிடித்துக்கொண்டார். பந்து போகும் இடத்துக்கு ஓடுகிறவனுக்கு வேகம் வேண்டும். பந்து வரப்போகும் இடத்தில் முன்னதாகவே போய் நிற்கிறவனுக்கு வேகம் எதற்கு? "மற்றவர்களுக்குத் தெரிவதற்கு 20 நிமிஷம் முன்பே அந்த ஆளுக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் ஆடக் கூடாது என்று ஒரு சட்டம் போட வேண்டும்!" என்ற பொருளில் ஸ்காட்லாந்தின் பிரபல மானேஜர் ஜாக் ஸ்டீன் வேடிக்கையாகச் சொன்னதுண்டு.

குருவின் இடத்தில் சிஷ்யன்

ஆனால் முதல் வெற்றியே கண்ணீரோடு வந்தது. அலிஸனுக்கு க்ஷயரோகம் கண்டு நுரையீரலில் ரணசிகிச்சை நடந்தது. பிழைத்து எழுந்து, முதல் டிவிஷன் ஆட்டத்தில் ஒரு தடவையாவது இறங்கிவிட வேண்டும் என்று அவர் தவம் கிடந்தார். 1958 செப்டம்பர் 8-ந் தேதி மான்செஸ்டர் யுனைடெட் கோஷ்டியுடன் ஆட்டம். பின்வரிசையில் ஓர் இடம் காலி. அலிஸனா, 17 வயதுப் பையன் மூரா என்று கேள்வி எழுந்தது. பனியன் பையனுக்குப் போயிற்று. வெஸ்ட் ஹாம் 3-2 என்று ஜயித்தது. அலிஸன் அதற்குப் பிறகு அந்தக் கிளப்புக்காக முதல் டிவிஷனில் ஆடவே இல்லை.

தன்னை ஆளாக்கியவரின் ஆசையைத் தான் பறித்துக்கொண்டோமே என்ற வேதனை மூரின் மனத்தில் நெடுநாள் தங்கியிருந்தது. சம்பளத்துக்கு ஆடும் தொழிலில் இப்படியெல்லாம் நேர்ந்துவிடுகிறது. அந்தச் சம்பளம்தான் எவ்வளவு என்கிறீர்கள்? எத்தனை பெரிய ஆட்டக்காரரானாலும் வாரத்துக்கு 20 பவுனுக்கு மேல் தரக் கூடாது என்பது அன்றைய விதி! 1961 ஜனவரியில்தான் அந்தக் கட்டு நீங்கிற்று.

1962-ல் மூர் இங்கிலாந்து தேசக் கோஷ்டியில் இடம் பெற்றார். அதே வருஷம் ஜூன் மாதத்தில், காதலித்த டீனா என்ற பெண்ணை மணந்துகொண்டார். மறு வருஷமே, 22-வது வயதில், தேசத்தின் காப்டனாக ஓர் ஆட்டத்தில் இறங்கினார். அதற்குமுன் அவ்வளவு சிறு வயதில் யாரும் அந்தப் பதவியை வகித்ததில்லை. 1964-ல் வெஸ்ட் ஹாம் இங்கிலாந்தின் எப்.ஏ. கோப்பையை வென்றபோது, வெம்ப்ளி மைதானத்தின் படிகளில் ஏறிப் போய் வாங்கியவரும் அவரே.

வெளியில் சொல்லாத வியாதி

அந்த வருஷம் நவம்பரில்தான் இடி விழுந்தது. மூருக்கு விரையில் புற்றுநோய் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். வயது 23. டீனா முதல் பிரசவத்தை எதிர்நோக்கியிருந்தாள். அவசரமாக ஆபரேஷன் நடந்தது. அந்தக் காலத்தில் அந்த வியாதியின் பெயரை வாய்விட்டுச் சொல்லவே ஜனங்கள் அஞ்சுவார்கள். அதிலும் இப்படிப்பட்ட இடத்தில் வந்தால் கேட்க வேண்டுமா? தொடையிடுக்கில் அடிபட்டிருக்கிறது என்று வெளியில் சொல்லி வைத்தார்கள். கூட ஆடியவர்களுக்கும் அதுதான் தெரியும்.

கர்ப்பிணியான அந்தப் பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள். உள்ளே பயம், வெளியே சிரிப்பு. கணவர் பிழைக்க வேண்டுமே என்று எத்தனை தெய்வத்தை வேண்டிக்கொண்டாளோ! 1965 ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது. மூரும் உடல் தேறி மைதானத்துக்குத் திரும்பினார். அந்த மே மாதமே வெஸ்ட் ஹாம் மூனிக் கோஷ்டி ஒன்றைத் தோற்கடித்து, ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வென்றது. மறுபடியும் வெம்ப்ளியின் படிகளில் காப்டன் ஏறினார். அந்த மனிதர் எதிலிருந்து தப்பி வந்திருக்கிறார் என்பது கைதட்டிய கூட்டத்துக்குத் தெரியாது.

ராணியின் வெள்ளைக் கையுறை

1966-ல் உலகக் கோப்பைப் பந்தயம் இங்கிலாந்திலேயே நடந்தது. அதிலும் ஒரு தகராறு. வெஸ்ட் ஹாம் கிளப்போடு மூருக்கு இருந்த ஒப்பந்தம் ஜூன் 30-ந் தேதியோடு முடிந்துவிட்டது. புது ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. எந்தக் கிளப்பிலும் இல்லாதவர் தேசத்துக்கு ஆட முடியாது என்பது அன்றைய விதி! கடைசி நேரத்தில் ஒரே ஒரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். உலகக் கோப்பையை வாங்கப் போகிறவரின் உத்தியோகம் அப்போது மாதக் கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜூலை 30-ந் தேதி இறுதி ஆட்டம். எதிரே மேற்கு ஜெர்மனி. முதல் கோல் ஜெர்மனிக்கு. சிறிது நேரத்தில் மூரை ஒருவர் தடுக்கி விழச் செய்தார். விழுந்தவர் எழுந்தார், யாரும் சுதாரிப்பதற்குள் பந்தை வைத்து உதைத்தார். அது நேரே ஜெப் ஹர்ஸ்ட்டின் தலையில் போய் இறங்கிற்று. கோல்! ஆட்டம் முடிகிற தறுவாயில் 2-2 என்று சமமாகி, மேலும் அரைமணி நேரம் ஆட வேண்டியதாயிற்று. அதில் இங்கிலாந்து 3-2 என்று முந்திக்கொண்டது.

கடைசி நிமிஷம். பந்து மூரின் காலடியில், சொந்தக் கோலுக்கு அருகில். "வெளியே உதைத்துத் தள்ளு!" என்று பக்கத்தில் நின்ற ஜாக் சார்ல்டன் கத்துகிறார். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். மூர் தலை நிமிர்ந்து பார்த்தார். தூரத்தில் ஹர்ஸ்ட் ஓடுவது தெரிந்தது. அளந்து வைத்தாற்போல் பந்து அவர் முன்னால் போய் விழுந்தது. நாலாவது கோல்!

பிறகு காப்டன் மூன்றாம் வருஷமாக அந்தப் படிகளில் ஏறினார். மேலே எலிஸபெத் ராணி கோப்பையுடன் நிற்கிறார். ராணியின் கைகளில் வெண்மையான கையுறை. தம் கைகளிலோ சேறு! வெற்றி மயக்கத்திலும் மூருக்கு அது உறுத்திற்று. அவசர அவசரமாகக் கைகளைத் துடைத்துக்கொண்ட பிறகே ராணியின் கையைக் குலுக்கினார். அந்தக் காட்சி படமாகப் பதிவாகியிருக்கிறது. பூட்ஸ் நாடாவுக்கு இஸ்திரி போட்ட டோரிஸ் அம்மாள் மகனல்லவா!

திருட்டுப் பட்டம்

நான்கு வருஷம் கழித்து அடுத்த உலகக் கோப்பைக்கு மெக்ஸிகோ போகும் வழியில், கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோடாவில் விபரீதம் நேர்ந்தது. ஹோட்டலில் இருந்த நகைக் கடையிலிருந்து மரகதக் கைவளை ஒன்றை மூர் எடுத்துவிட்டார் என்று பழி கிளம்பிற்று. போலீஸார் அவரைப் பிடித்து, ஒருவர் வீட்டில் நாலு நாள் காவலில் வைத்தார்கள். மூர் கோபப்படவில்லை; கூச்சலிடவில்லை. சாட்சியங்கள் நிற்கவில்லை. விடுதலையாகி வந்து கோஷ்டியுடன் சேர்ந்துகொண்டார். பிற்பாடு வழக்கும் கைவிடப்பட்டது.

ஜூன் 7-ந் தேதி பிரேஸிலுடன் ஆட்டம். பந்தோடு புயலாக வந்த ஜெயர்ஸின்ஹோவிடமிருந்து, உடம்பில் படாமல் பந்தை மட்டும் மூர் கொய்து எடுத்த அழகை இன்றும் சொல்லிச் சொல்லி வியக்கிறார்கள். இங்கிலாந்து 1-0 என்று தோற்றது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரான பெலே நேரே மூரிடம் வந்து, கட்டித் தழுவிப் பனியனை மாற்றிக்கொண்டார். திருடர் என்று பெயர் சூட்டப்பட்டவருக்கு அதைவிடப் பெரிய சர்டிபிகேட் வேறு யார் கொடுக்க முடியும்?

மறந்த தேசம்

1973-ல் போலந்தில் ஒரு சறுக்கல். மூரின் காலிலிருந்து பந்தைப் பறித்து எதிரி கோல் போட்டுவிட்டார். முன்பே சொன்னோமல்லவா? தடுத்தவை மறந்துபோயின, தவறியது நின்றது. அவ்வருஷத்தோடு தேச ஆட்டம் முடிந்தது. மொத்தம் 108 ஆட்டங்கள். அவற்றில் 90-ல் காப்டன்!

அப்புறம் புல்ஹாம் கிளப்பில் ஆடினார். 1975-ல் அந்தக் கிளப் எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்தபோது, விதியின் விளையாட்டைப் பாருங்கள், எதிரே நின்றது பழைய வெஸ்ட் ஹாம்! தாய் வீட்டிடம் 2-0 என்று தோற்றார். ஓய்வு பெற்ற பிறகு தொட்ட வியாபாரங்கள் துலங்கவில்லை. சிறு கிளப்புகளில் மானேஜர் வேலை. பத்திரிகை, ரேடியோவில் விமர்சனம். உலகக் கோப்பை வாங்கித் தந்தவரின் அனுபவத்தைப் பயன்படுத்திக்கொள்ள இங்கிலாந்தின் கால்பந்து நிர்வாகத்துக்கு வழி தெரியவில்லை. டீனாவுடன் நடத்திய இல்லறமும் 1986-ல் விவாகரத்தில் முடிந்தது.

1991-ல் குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷன் நடந்தது. அந்த வருஷக் கடைசியில் ஸ்டெபனி என்ற மாதை மணந்தார். இம்முறையும் வியாதியை ஊருக்குச் சொல்லவில்லை. 1993 பிப்ரவரி 14-ந் தேதிதான் வாய் திறந்தார். மூன்று நாள் கழித்து வெம்ப்ளியில் இங்கிலாந்து ஆட்டத்துக்கு வழக்கம்போல் ரேடியோ விமர்சனம் செய்தார். பிப்ரவரி 24-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 51.

அதற்குப் பிறகே தேசம் விழித்துக்கொண்டது. வெஸ்ட் ஹாம் மைதானத்தின் வாசல் பூக்களாலும் துண்டுகளாலும் நிறைந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நினைவுப் பிரார்த்தனை நடந்தது. 2007-ல் புதிய வெம்ப்ளி மைதானத்தின் முன் வெண்கலச் சிலை எழுந்தது. 2008-ல் அவருடைய 6-ம் நம்பர் பனியனை இனி யாருக்கும் தருவதில்லை என்று வெஸ்ட் ஹாம் தீர்மானித்தது.

இவற்றையெல்லாம்விடச் சிறந்த சிலை ஒன்றை அவர் மனைவி ஸ்டெபனி நிறுவினார். கணவர் மறைந்த 1993-லேயே, அவர் பெயரால் குடல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டத் தொடங்கினார். எதைக் கணவர் மூடி வைத்தாரோ அதை ஊரறியப் பேசுவதே அந்த அம்மையாரின் வேலையாயிற்று.

நம் வீடுகளிலும் இப்படிப்பட்ட ஆண்கள் உண்டு. பெண்களோ இன்னும் அதிகம். மலத்தில் ரத்தம் காணும். வாரக்கணக்கில் வயிறு முன்போல் இராது. காரணமில்லாமல் உடல் இளைக்கும். "யாரிடம் சொல்வது, வெட்கமாக இருக்கிறது" என்று நாளைக் கடத்துவார்கள். இளைஞர்களுக்கு விரையில் வலியில்லாத வீக்கம் தோன்றும். தாயாரிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். ஆரம்பத்திலேயே டாக்டரிடம் போனால் இவ்வியாதிகளில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்ளலாம். மூரே முதல் தடவை அப்படித்தான் பிழைத்தார்.

அவருடைய பொறுமை, மரியாதை, ஒழுங்கு இவற்றை நம் பிள்ளைகள் தாராளமாகக் கற்றுக்கொள்ளட்டும். வியாதியை மூடி மறைத்த அந்த ஒரு வழக்கத்தை மட்டும் அவரோடு விட்டுவிடுவோம்.