தூங்கும் பணத்தை எழுப்புங்கள்!

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்து மீனவர்களுக்கு ஏப்ரல் 15 மறக்காத நாள். அன்று முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. படகு கரையில் தூங்கும். ஆனால், படகை யாரும் மறப்பதில்லை.

வங்கிக் கணக்கும் தூங்கும். அதைத்தான் மறந்து விடுகிறோம்!

இரண்டு ஆண்டுகள் போட்டு எடுக்காமல் விட்டால், அது 'செயல்படாத கணக்கு'. வங்கி தானாகச் சேர்க்கும் வட்டி கணக்கில் வராது. 10 ஆண்டுகள் யாரும் கேட்காவிட்டால், பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும்.

போன பணம் போனதுதானா? இல்லை! அது உங்கள் பணமே. பாஸ் புத்தகம், ஆதார் போன்ற சான்றுகளுடன் உங்கள் வங்கிக்குச் செல்லுங்கள். கணக்கை எழுப்பக் கட்டணம் கிடையாது. இருப்பு குறைந்ததற்காக, தூங்கும் கணக்கில் அபராதமும் பிடிக்கக்கூடாது. 2024 ஏப்ரல் 1 முதல் இதுவே விதி.

கணக்கு வைத்தவர் காலமாகிவிட்டாரா? வாரிசுகள் கேட்டுப் பெறலாம். எந்த வங்கி என்றே தெரியவில்லையா? 2023-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய 'உத்கம்' தளத்தில், பல வங்கிகளின் கேட்பாரற்ற பணத்தைப் பெயர் கொடுத்துத் தேடலாம். படித்த பிள்ளைகள் உதவட்டும்.

இன்று ஞாயிறு. பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். அப்பாவின் பாஸ் புத்தகம் அடியில் கிடக்கலாம். அதில் இருப்பது அவர் வியர்வை அல்லவா?