ஓர் அறையும் ஆயிரம் யந்திரங்களும்

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கும் இடம் கொடைரோடு. இறங்கியவர்களின் பார்வை மலையின் மேல் போகும். ஸ்டேஷன் மாஸ்டரின் அறையை எட்டிப் பார்ப்பவர் அபூர்வம். நமக்கோ அந்த அறையின் மீது என்றும் ஒரு மோகம். தூரத்துத் தண்டவாளத்தைப் பாதை மாற்றுவதும், சிக்னல் கொடுப்பதும் அறைக்குள் இருந்தபடியே நடந்துவிடுகின்றன அல்லவா?

சென்ற மாதம் நம்மிடம் முன்பு படித்த வாலிபர் ஒருவரை அங்கே கண்டோம். பெரிய விமான நிலையம் ஒன்றில் உத்தியோகம். கையில் ஊர்ப் பன்னீர் திராட்சைக் கூடையுடன் வண்டிக்குக் காத்திருந்தார்.

"எங்களிடமும் இப்படி ஓர் அறை உண்டு, ஸார்! அங்கே நாங்கள் நடத்துவது ரயிலை அல்ல, காற்றை, தண்ணீரை, மின்சாரத்தை" என்றார்.

சென்னையில் 2023 ஏப்ரல் 8-ந் தேதி திறக்கப்பட்ட புதிய முனையத்தின் பரப்பு 1,36,295 சதுர மீட்டர். சுமார் 34 ஏக்கர்! இவ்வளவு பெரிய கட்டடத்தில் குளிர்சாதனம், விளக்குகள், லிப்டுகள், நகரும் படிகள், தண்ணீர்ப் பம்புகள் எல்லாவற்றையும் ஆட்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்து மாளுமா? ஆகவே யந்திரங்களில் உணர்கருவிகளைப் பொருத்தி, அவை சொல்லும் சேதியை ஓர் அறையின் திரைகளில் வரவழைக்கிறார்கள். விமானம் வந்து கூட்டம் சேர்ந்தால், காற்றில் கரியமில வாயு ஏறுவதைக் கருவி கண்டுகொள்ளும். வெளிக்காற்று அதிகமாக உள்ளே வரும். மண்டபம் காலியானால் குளிர் குறையும், மின்சாரம் மிச்சமாகும். பம்பின் அதிர்வு அதிகரித்தால், அது பழுதாகி நிற்கு முன்பே எச்சரிக்கை கிடைக்கும்.

"எல்லாம் சரி, அப்பா! அந்த அறையே இருண்டுவிட்டால்?" என்று கேட்டோம்.

வாலிபர் சிரிக்கவில்லை. "ஒவ்வொரு யந்திரத்தின் அருகிலும் ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது, ஸார். தலைமை அறை ஓய்ந்தாலும் அது தன் வேலையைச் செய்யும். ஆனால் மின்சாரமே நின்றால் வேறு கதை" என்றார்.

அந்தக் கதை அமெரிக்காவில் நடந்தது. 2017 டிசம்பர் 17-ந் தேதி அட்லாண்டா விமான நிலையத்துக்கு மின்சாரம் தரும் நிலத்தடி அமைப்பில் தீப்பற்றியது. பிரதான கம்பிகளுக்குப் பக்கத்திலேயே மாற்றுக் கம்பிகளும் சென்றதால் இரண்டும் சேதமடைந்தன. சுமார் 11 மணி நேரம் நிலையம் இருளில் மூழ்கியது. 1,000-க்கு மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. எத்தனை கண்காணித்து என்ன? ஆபத்துக்கு உதவ வேண்டியதை ஆபத்தின் அருகிலேயே வைத்துவிட்டார்கள்!

"அதனால்தான் புதிதாக வரும் பிள்ளைகளை நாற்காலியில் உட்கார வைக்குமுன் பம்பு அறைக்கு அழைத்துப் போகிறேன். சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லும் பழைய மெக்கானிக்குகள் எங்களிடம் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் ஓய்வு பெறுவதற்குள் அந்த வித்தையைக் கற்றாக வேண்டும்" என்றார் வாலிபர்.

நம் தொழிலிலும் அப்படித்தான். வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்பதை வருகைப் பதிவேடு சொல்லும். யாருக்குப் பாடம் புரிந்தது என்பதைச் சொல்லாது. அதற்குப் பிள்ளையின் அருகே போய்த்தான் நிற்க வேண்டும்.

வண்டி வந்தது. நம் கையில் ஒரு திராட்சைக் கொத்தை வைத்துவிட்டு அவர் ஏறிக்கொண்டார்.