ருவைஸ் காற்றும் கறுப்பு நுரையும்

ருவைஸ் உரத் தொழிற்சாலையின் மூலப்பொருள் பட்டியலை எழுதினால் அதில் காற்றையும் சேர்க்க வேண்டும். காற்றிலிருந்து நைட்ரஜன், இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன். இரண்டும் சேர்ந்தால் அம்மோனியா. அம்மோனியாவோடு கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்தால் யூரியா. அபுதாபி நகரிலிருந்து மேற்கே சுமார் 240 கிலோமீட்டர் தள்ளி, கடலோரத்தில், 1980களின் முற்பகுதியிலிருந்து இந்த வேலை நடக்கிறது. நைட்ரஜன் லேசில் மசியாது. அதன் இரண்டு அணுக்களையும் இறுக்கியிருக்கும் மூன்று பிணைப்புகளை அறுக்க 400 டிகிரி செல்சியஸ் சூடும், காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும், இரும்பு வினையூக்கியும் வேண்டும். ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-ல் ஆய்வகத்தில் செய்து காட்டியதை, 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவில் தொழிற்சாலையாக்கியவர் கார்ல் போஷ்.

யூரியாவுக்குள் போகும் நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் இன்னோர் இடத்திலும் ஜோடியாக வேலை செய்கின்றன. ஸ்டவுட் என்ற கறுப்பு பியரின் நுரையில். ருவைஸில் எதை உடைக்க அவ்வளவு பாடுபடுகிறார்களோ, நைட்ரஜனின் அந்தப் பிடிவாதம்தான் இங்கே தேவைப்படுகிறது.

கறுப்பாக இருப்பதாலேயே ஸ்டவுட் 'ஸ்ட்ராங்' என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. குழாயிலிருந்து பிடித்துக் கொடுக்கும் கின்னஸ் ஸ்டவுட்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். இந்தியாவில் 'ஸ்ட்ராங்' என்று விற்கும் வெளிர்மஞ்சள் பியரில் அதைவிடக் கணிசமாக அதிகம். நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தமில்லை. வேல்ஸின் ஏதோ ஒரு சின்ன ஊரில், பத்துப் பேர்கூட வேலை செய்யாத ஒரு சிறு ஆலையில் காய்ச்சிய ஸ்டவுட்டை ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு "காபி, சாக்லேட், கருகின ரொட்டி" என்று வரிசையாகச் சொல்கிறார் என்றால், அவர் சொல்வதில் பெரும்பகுதி ஆல்கஹாலைப் பற்றியது இல்லை. நெருப்பையும் வாயுவையும் தண்ணீரையும் பற்றியது. என் கட்சி அதுதான்.

முதலில் நெருப்பு. பியருக்கு அடிப்படை மால்ட். பார்லியை ஊறவைத்து, முளைவிடச் செய்து, முளை நீளுமுன் உலர்த்திவிட்டால் மால்ட். பழைய லண்டனில் மால்ட்டை விறகுத் தீயில் பழுப்பாகும்வரை உலர்த்திக் கறுப்பு பியர் காய்ச்சினார்கள். சுமை தூக்குபவர்கள் விரும்பிக் குடித்ததால் அதற்கு போர்ட்டர் என்று பெயர். அதில் கெட்டியானது ஸ்டவுட். ஆனால் பழுப்பு மால்ட்டில் சர்க்கரை குறைவாகத்தான் இறங்கும். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் வந்தபோதுதான் முதலாளிகளுக்குத் தங்கள் நஷ்டம் தெரிந்தது. 1817-ல் டேனியல் வீலர் என்பவர் சுழலும் இரும்பு உருளையில் மால்ட்டை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். மலிவான வெளிர் மால்ட்டை நிறையப் போட்டு, இந்தக் கருவறுவல் மால்ட்டில் ஒரு சிறு பங்கைச் சேர்த்தால் போதும். பானை முழுக்கக் கறுத்துவிடும்.

வீலரின் உருளையை நம் காபிக்கொட்டை வறுக்கும் டிரம்மாகவே நினைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் நடக்கும் வேதியியல் ஒன்றே. சூட்டில் சர்க்கரையும் அமினோ அமிலமும் கைகோத்து, நூற்றுக்கணக்கான புதுச் சேர்மங்கள் பிறக்கின்றன. 1912-ல் லூயி காமீல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்த வினை இது. பழுப்பு நிறத்தைத் தருபவை மெலனாய்டின் என்ற பெரிய மூலக்கூறுகள். கடலை வறுபடும் மணம், ரொட்டி மேல்தோலின் மணம், காபி மணம் எல்லாவற்றிலும் தலைகாட்டும் பைரசீன் குடும்பம் இங்கேயும் உண்டு. ஆகவே ஸ்டவுட்டில் காபி வாசனை வருகிறது என்று ஒருவர் சொன்னால் அது கவிதை மிகை இல்லை. மூக்கு சரியாகவே வேலை செய்கிறது. வறுவல் 200 டிகிரியைத் தாண்டும் கட்டத்தில் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஒரு நிமிடம் தவறினால் கறுப்பு கரியாகிவிடும், தீயும் பிடிக்கும். சரியான நேரத்தில் தண்ணீர் தெளித்து நிறுத்துவார்கள். அயர்லாந்து ஸ்டவுட்டில் முளைகட்டாத பார்லியையே வறுத்துப் போடும் வழக்கம். அந்த வறண்ட கசப்பு அதனால்தான். இவ்வளவுக்கும் பிறகு கோப்பையை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தால் ஸ்டவுட் கறுப்பே இல்லை. ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு தெரியும்.

அடுத்தது தண்ணீர். பியரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்றாலும் சுவைத்துப் பார்த்து எழுதுபவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது கலவை லேசான அமிலமாக, பி.எச். 5.2-லிருந்து 5.6-க்குள் இருந்தால்தான் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக நன்றாக உடைக்கும். கின்னஸின் ஊரான டப்ளினின் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். அது அமிலத்தை அடக்கிவிடும். வறுத்த பார்லியோ அமிலத்தன்மை உள்ளது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டின. செக் நாட்டின் பில்சென் நகரத் தண்ணீரில் உப்புகளே குறைவு. 1842-ல் அங்கே பொன்னிற பியர் பிறந்தது. ஊருக்கு ஊர் நிறம் மாறியதில் ருசிக்கு இருந்த பங்கு கொஞ்சம், கிணற்றுக்கு இருந்த பங்கு அதிகம்.

ருவைஸுக்கு அப்படி ஒரு கிணறு கிடையாது. பக்கத்திலிருக்கும் ஷுவைஹாத் மின் நிலையத்தின் முதல் கட்டமே நாளொன்றுக்கு 10 கோடி காலன் கடல்நீரைக் காய்ச்சி ஆவியாக்கி நன்னீராக்கும் திறனில் கட்டப்பட்டது. காய்ச்சி வடித்த நீரில் தாது உப்பு ஏறக்குறைய இல்லை. குழாய்க்கு விடும் முன் கொஞ்சம் சேர்த்து விடுகிறார்கள். டப்ளினில் இயற்கை எழுதி வைத்ததை இங்கே வெற்றுத்தாளில் தானே எழுதிக்கொள்ளலாம் என்பது காய்ச்சுபவருக்கு ஒரு வசதிதான். அபுதாபி 2021-ல் விதியைத் தளர்த்தி, பியரைக் காய்ச்சும் இடத்திலேயே விற்க அனுமதித்தது. 2023-ன் கடைசியில் அல் மரியா தீவில் அப்படி ஒரு கடையும் திறந்தது.

இனி வாயு. எல்லா ஸ்டவுட்டிலும் நைட்ரஜன் இருப்பதில்லை. நொதிக்கும்போது ஈஸ்ட் தானே விடும் கார்பன் டை ஆக்சைடோடு மட்டும் பரிமாறுபவர்கள் நிறைய. ஆனால் நம் மனதில் ஸ்டவுட் என்றதும் வரும் படம், வெண்ணெய் மாதிரி மேலே நிற்கும் நுரை, நைட்ரஜன் தந்தது. கின்னஸ் கம்பெனியில் வேலை பார்த்த மைக்கேல் ஆஷ் என்ற கணிதக்காரர் இதில் ஆண்டுக்கணக்கில் முட்டி மோதி, 1959-ல் நைட்ரஜன் ஸ்டவுட்டைக் கடைக்குக் கொண்டுவந்தார். (கணிதக்காரர்களை வேலைக்கு வைப்பது அந்தக் கம்பெனிக்குப் பழக்கம். புள்ளியியல் மாணவர்கள் இன்றும் போடும் 'ஸ்டூடண்ட் டி' சோதனை, அங்கே வேலை பார்த்த வில்லியம் கோசெட் 1908-ல் புனைபெயரில் வெளியிட்டது.)

ஒரே அழுத்தத்தில் வைத்தால், கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரையும் அளவில் ஐம்பதில் ஒரு பங்குகூட நைட்ரஜன் கரையாது. முக்கால் பங்கு நைட்ரஜனும் கால் பங்கு கார்பன் டை ஆக்சைடும் கலந்து, நல்ல அழுத்தத்தில் பியரைத் தள்ளி, குழாய் முனையில் பொடித் துளைகள் வழியாகப் பீய்ச்சினால், கரையப் பிடிக்காத நைட்ரஜன் ஒரே சமயத்தில் கோடிக்கணக்கான குமிழிகளாக வெளியே குதிக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. சாதாரண பியர் நுரையில் சின்னக் குமிழியின் வாயு, மெல்லிய நீர்ச்சுவரில் கரைந்து பக்கத்துப் பெரிய குமிழிக்குள் போய்விடும். பெரியது பெருக்கும், சின்னது சாகும், நுரை வடியும். நைட்ரஜனுக்குச் சுவரில் கரைய மனமில்லாததால் சின்னது சின்னதாகவே நிற்கிறது. பார்லியின் புரதமும் ஹாப்ஸ் பூவின் கசப்புச் சேர்மங்களும் அந்தச் சுவருக்கு முட்டுக்கொடுக்கின்றன.

ஊற்றியதும் குமிழிகள் கோப்பையின் ஓரத்தில் கீழ்நோக்கிப் போவது தெரியும். குடித்தவர் கண்ணில் கோளாறு என்று வெகுநாள் கேலி பேசினார்கள். 2004-ல் அதிவேகக் கேமராவில் படம் பிடித்துப் பார்த்தபோது உண்மையாகவே கீழே போகின்றன என்று தெரிந்தது. காரணத்தைத் தெளிவாகச் சொன்னவர்கள் லிமெரிக் பல்கலைக்கழகக் கணிதவியலாளர்கள், 2012-ல். மேல்பக்கம் அகன்ற கோப்பையில் குமிழிகள் நேரே மேலே ஏற, சாய்ந்த சுவரை ஒட்டி குமிழி குறைந்த, கனமான திரவம் ஒரு படலமாக மிஞ்சுகிறது. அது சரிந்து இறங்கும்போது பொடிக் குமிழிகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. கோப்பையைத் தலைகீழ் வடிவில், மேலே குறுகலாகச் செய்தால் ஓரத்துக் குமிழிகள் மேலே போகும்.

நாக்குக்கு இதில் என்ன லாபம்? சோடா சுருக்கென்று கடிப்பது குமிழி வெடிப்பதால் என்றுதான் பலர் நினைக்கிறோம். நாக்கில் புளிப்பை உணரும் செல்களின் மேல் ஒரு நொதி உட்கார்ந்து, கார்பன் டை ஆக்சைடை அமிலமாக மாற்றிக் காட்டிக்கொடுக்கிறது என்று 2009-ல் கண்டறிந்தார்கள். வலியை உணரும் நரம்புகளும் கூடவே சேர்ந்துகொள்கின்றன. நைட்ரஜன் ஸ்டவுட்டில் அந்த வாயு குறைவு, நைட்ரஜனுக்கோ ருசியே இல்லை. கடி இல்லாத இடத்தில் நாக்கு வழவழப்பை உணர்கிறது. ஆனாலும் நைட்ரஜன் நுரையைக் கொஞ்சம் அதிகமாகவே கொண்டாடுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. மணத்தை மூக்குக்குத் தூக்கிவருவதில் கார்பன் டை ஆக்சைடின் துள்ளலுக்குப் பங்கு உண்டு. அதை அடக்கினால் வறுவலின் நுணுக்கங்களில் சிலவும் அடங்கிப்போகும்.

டின்னுக்குள் அந்த நுரையை அடைப்பது தனிச் சிக்கல். டின் பியரிலும் வேல்ஸுக்குப் பெருமை உண்டு. தகரத் தகட்டு ஆலைகள் நிறைந்த லானெல்லி பக்கத்து ஃபெலின்வோயல் பியர் ஆலைதான் 1935-ல் ஐரோப்பாவிலேயே முதலில் பியரை டின்னில் அடைத்தது. நைட்ரஜன் நுரைக்கு அதன் பிறகு அரை நூற்றாண்டு ஆயிற்று. 1988-ல் கின்னஸ் டின்னுக்குள் நுண்துளையுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டைப் போட்டு விற்றது. மூடியைத் திறந்ததும் அழுத்தம் விழ, அந்தத் துண்டுக்குள் இருக்கும் வாயு துளை வழியே சீறி, பியர் முழுவதையும் நுரைக்க வைக்கிறது.

தமிழருக்கு நெருக்கமான ஸ்டவுட் வேல்ஸிலும் இல்லை, டப்ளினிலும் இல்லை. இலங்கை மலையகத்தில், 1,800 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் பிறந்த லயன் ஸ்டவுட் அது. குளிர்சாதனம் இல்லாத காலத்தில் நொதிக்கும் பானையைக் குளிர்ச்சியாக வைக்க மலை ஏறுவதுதான் வழி. இமயமலைச் சரிவிலிருக்கும் கசௌலியில் ஆலை வந்ததும் அந்தக் கணக்கில்தான். பிரிட்டிஷ் பியர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை, 2007-ல் மறைந்த இன்னொருவர்) தேடிப் போய்க் குடித்துப் புகழ்ந்த பிறகு, லயன் ஸ்டவுட் உலகப் பட்டியல்களில் ஏறியது. இப்போது கொழும்புக்கு அருகே பியகமவில் காய்ச்சுகிறார்கள். அதில் ஆல்கஹால் 8.8 சதவீதம். இங்கே என் கட்சிக்குக் கொஞ்சம் அடிவிழுகிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதன் உலர்பழ இனிப்பிலும் தொண்டைச் சூட்டிலும் ஆல்கஹாலுக்கு நேரடிப் பங்கு உண்டு.

ஆல்கஹாலை எடுத்துவிட்டால் ஸ்டவுட் என்னவாகும்? வளைகுடாவில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் அதிகம். கடைகளில் குவிந்திருக்கும் பார்பிகன், பிரிட்டனின் பாஸ் கம்பெனி ஆல்கஹால் இல்லாத பியருக்கு வைத்த பெயர். ஆனால் அது வெளிர் மால்ட் பானம். வறுவல் சுவையை அதில் தேடக் கூடாது. ஸ்டவுட்டிலிருந்து ஆல்கஹாலைப் பிரிக்க இரண்டு வழிகள் பெயர்பெற்றவை. ஒன்று, அழுத்தத்தைக் குறைத்து, 78 டிகிரியில் கொதிக்கும் ஆல்கஹாலை வெதுவெதுப்பிலேயே ஆவியாக்குவது. இன்னொன்று, நம் வீட்டு ஆர்.ஓ. மெஷினில் இருக்கும் அதே சவ்வு. அபுதாபியின் தவீலாவில் நாளொன்றுக்கு 9 லட்சம் கன மீட்டர் நன்னீர் தருவது இந்தச் சவ்வுதான். அங்கே உப்பைத் தடுத்துத் தண்ணீரை விடுகிறது. பியர் ஆலையில் நிறத்தையும் கசப்பையும் தடுத்து, சிறிய மூலக்கூறுகளான தண்ணீரையும் ஆல்கஹாலையும் விடுகிறது. இழந்த தண்ணீரைப் பிறகு ஊற்றிக்கொள்கிறார்கள். கூடவே சில மணங்களும் நழுவிப் போகும், வாயில் கனம் குறையும். ஆல்கஹால் இல்லாவிட்டால் கிருமிக்கும் தடை குறைவு. 2020-ல் வந்த ஆல்கஹால் இல்லாத கின்னஸை நுண்ணுயிர்க் கலப்பால் சில வாரங்களில் திரும்பப் பெற்று, மறு ஆண்டுதான் மீண்டும் விற்றார்கள்.

அப்படி ஒரு டின் எங்காவது உங்களுக்குக் கிடைத்தால், வெயிலுக்குப் பயந்து பனிக்கட்டி போலக் குளிரவைத்துக் குடிக்காதீர்கள். இனிப்பை உணரும் நாக்குச் செல்கள் குளிரில் மந்தமாகும், மணமும் ஆவியாகி மூக்குக்கு வராது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்து, 10 டிகிரியைத் தாண்டியபின், மேலே அகன்ற கண்ணாடிக் கோப்பையில் ஊற்றுங்கள். காபி வாசனை அப்போதுதான் வரும்.