விழுந்த தென்னையை என்ன செய்வது?

அந்தமானில் தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்குப் பட்ட மரத்தை வெட்டிச் சாய்ப்பது பாதி வேலைதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெய்யும் இடம் அது. கிடக்கும் மரம் சீக்கிரமே உளுத்துவிடும். உளுத்த மரம் காண்டாமிருக வண்டை வரவழைக்கும்.

படாக் மரத்துக்கு நடுவில் வைரம்; தென்னைக்கோ ஓரத்தில் வைரம், நடுவில் மெத்தென்ற சோறு. தொல்காப்பியமே கண்ட வேறுபாடு இது. மழைநீர் இறங்கியதும் முதலில் மட்குவது அந்தச் சோறுதான். பெண் வண்டு அதற்குள் முட்டையிடும். விரல் பருமனுள்ள வெள்ளைப் புழு மாதக்கணக்கில் அதைத் தின்று வளரும். புழு உயிருள்ள மரத்தைத் தொடாது. அழிவைச் செய்வது வண்டு. இரவில் பறந்து பக்கத்துத் தென்னையின் குருத்தைக் குடைந்து சாற்றை உறிஞ்சும். பிறகு விரியும் ஓலை கத்தரியால் வெட்டியதுபோல் இருக்கும். அந்தக் காயத்தின் வழியே சிவப்புக் கூன்வண்டும் நுழைந்தால் மரம் தப்புவது அரிது.

கொளுத்திவிடலாமே என்று தோன்றும். ஈர மரம் முழுதாக எரியாது. மேலே கரியும், ஊரெல்லாம் புகையும், உள்ளே சோறு அப்படியே இருக்கும். அதைவிட, சாய்த்த கையோடு நீளவாக்கில் பிளந்து, தரையில் படாமல் உயர்த்தி வைத்துக் காயவிடுவது நல்லது. கெட்டியான ஓரம் வாரைக்கும் சட்டத்துக்கும் ஆகும். உலர்ந்த மிச்சம் கொப்பரைச் சூளைக்கு விறகு. அடித்தூரை மறந்துவிடக் கூடாது. மண்ணுக்குள் நிற்கும் தூரிலும் புழு வளரும். தோண்டி எடுத்துப் பிளக்க வேண்டும். மட்டைகளை இயந்திரத்தில் நொறுக்கினால் மரத்தடியில் மெல்லியதாகப் பரப்புங்கள். ஓரிடத்தில் குவித்தால் அந்தக் குவியலே வண்டுக்கு வீடு. எருக்குழியிலும் புழு வளரும்; அதை அவ்வப்போது புரட்டிப் புழுவைப் பொறுக்குவதும், புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலப்பதும் பலன் தரும்.

இந்த வண்டைக் கொல்லும் நச்சுயிரி ஒன்றை 1963-இல் மலேசியாவில் கண்டறிந்தார்கள். நோயுற்ற வண்டே அதைத் தன் இனத்துக்குள் பரப்பிவிடும். அந்தமானிலும் விடப்பட்டு அது நிலைபெற்றதை 1996-இல் வெளியான ஆய்வு பதிவு செய்திருக்கிறது. ஆனால் நச்சுயிரி வண்டின் எண்ணிக்கையைக் குறைக்குமே தவிர அடியோடு ஒழிக்காது. உளுத்த மரங்கள் கிடக்கும் வரை புதுத் தலைமுறை வந்துகொண்டே இருக்கும்.

1909-இல் இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றுகளோடு கப்பலேறிய இந்த வண்டு சமோவாத் தீவுகளில் இறங்கி, பசிபிக்கின் தென்னைகளைப் பாழாக்கியது. அந்தமானிலும் தீவு விட்டுத் தீவுக்கு நாற்று, எரு மூட்டை, மரத்துண்டு எதை ஏற்றினாலும், படகில் வைக்கும் முன் கிளறிப் பார்த்துவிட வேண்டும்.