சர்வைலன்ஸ்: ஒளிந்து பார்ப்பதா?

'சர்வைலன்ஸ்' என்றதும் மஃப்டி போலீசும் ஒட்டுக்கேட்கப்படும் தொலைபேசியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. பிரெஞ்சில் 'சுர்' என்றால் மேலே; 'வெய்யே' என்றால் விழித்திருப்பது. புரட்சிக்கால பிரான்சில், 1793 மார்ச்சில், ஊருக்கு ஊர் இந்தப் பெயரால் அறியப்பட்ட கண்காணிப்புக் குழு வைக்கச் சட்டமே போட்டார்கள். வெளியாட்கள் வந்து தங்களைப் பதிந்துகொள்ள வேண்டும். குழு இருப்பது ஊரறிந்த விஷயம். அதனால் எழும் அச்சம்தான் அதன் பலம். சில ஆண்டுகளிலேயே சொல் ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. இன்று கடை வாசலில் 'கேமரா கண்காணிப்பில் உள்ளது' என்று பலகை மாட்டுகிறார்களே, அதுவும் சர்வைலன்ஸ்தான். டெங்கு எங்கே பரவுகிறது என்று சுகாதாரத் துறை கணக்கெடுப்பதற்கும் அதே பெயர்.

போலீஸ் மறைந்திருந்து பார்ப்பதையும் அப்படித்தானே சொல்கிறார்கள் என்று கேட்கலாம். சொல்கிறார்கள்தான். ஆனால் பிரிட்டனின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு 'கவர்ட்', அதாவது மறைவான, என்று தனி அடைமொழி சேர்க்கிறது. பார்க்கப்படுபவருக்குத் தெரியாதபடி திட்டமிட்டுச் செய்தால்தான் அது மறைவானது என்று விளக்கமும் தருகிறது. ரகசியம் சொல்லிலேயே இருந்தால் அடைமொழி எதற்கு? தமிழில் இந்தக் குழப்பம் குறைவு. மறைவுக்கு வேவு, உளவு, வெளிப்படைக்குக் கண்காணிப்பு. இலங்கை, மலாயா தோட்டங்களில் ஆள்சேர்த்து வேலை வாங்கிய கங்காணி 'கண்காணி' என்ற சொல்லிலிருந்து பெயர் பெற்றவர்தான், ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டார். அவர் எந்த மரத்துக்குப் பின்னாலும் ஒளியவில்லை. வேலையாட்களின் நிரைக்கு நேரே நின்றுதான் பார்த்தார்.