பூஜ்யம் என்று எழுதியிருந்தால் நம்பலாமா?

எங்க சித்தப்பாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். கையில் ஃபிஸ்டுலா தயாராகும் வரைக்கும் கழுத்தில் ஒரு டியூப் போட்டிருந்தார்கள். பொட்டிப்புரத்தில் பஸ் ஏறும்போது நல்லாத்தான் இருப்பார். மெஷின் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் உடம்பைத் தூக்கிப் போடுகிற மாதிரி குளிர் வரும். "ஏசி ஒத்துக்கல" என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். மூன்றாவது வாரம்தான் வேறொரு டாக்டர் கேட்டார்: "பிளட் கல்ச்சர் எடுத்தீங்களா?" எடுக்கவில்லை. அதற்குள் ஆன்டிபயாடிக் போட்டாச்சு.

அதற்கப்புறம் தேடிப் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கிருமிகள் டியூபின் உள்பக்கம் பாசி மாதிரி ஒட்டி வளரும். டியூப் வழியாக ரத்தம் ஓடத் தொடங்கியதும் அதில் கொஞ்சம் உடம்புக்குள் போகும். உடனே நடுக்கம். ஆனால் காய்ச்சல் நுரையீரலாலும் வரும், சிறுநீர்த் தொற்றாலும் வரும். டியூப்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே, டியூபிலிருந்தும் கை நரம்பிலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே அளவு ரத்தம் எடுக்க வேண்டும். இரண்டு பாட்டிலையும் ஒன்றாகக் கல்ச்சர் மெஷினில் வைக்க வேண்டும். கிருமி வளரும்போது வரும் கரியமில வாயுவை மெஷின் கண்டுபிடிக்கும். கிருமி அதிகமுள்ள பாட்டில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். இரண்டிலும் ஒரே கிருமி வளர்ந்து, டியூப் பாட்டில் 2 மணி நேரமாவது முந்தினால், டியூப்தான் காரணம் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

இன்னொரு சிக்கல், தோலில் இருக்கிற சாதாரணக் கிருமி ஊசியோடு பாட்டிலுக்குள் போய்விடும். அதனால் அந்த வகைக் கிருமி ஒரு பாட்டிலில் மட்டும் வளர்ந்தால் நம்ப மாட்டார்கள். எங்க ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று விளங்கும். நியூட்ரினோ ஆய்வகத்துக்கு அம்பரப்பர் மலையைக் கேட்டது எதற்கு? வானத்திலிருந்து வரும் மற்ற துகள்களைப் பாறை தடுக்கும் என்றுதான். அந்தத் திட்டம் வேணுமா வேணாமா என்பது தனி வழக்கு. தேடுவதைப் பிடிக்க, வேண்டாததை முதலில் விலக்கணும் என்பது இரண்டுக்கும் பொது.

இனி ஆஸ்பத்திரிக் கணக்கு. டியூப் இருந்த 1,000 நாட்களுக்கு எத்தனை தொற்று என்று கணக்கிடுவார்கள். கல்ச்சரே அனுப்பாத இடத்தில் விடை பூஜ்யம்! ஒழுங்காகத் தேடுகிற ஆஸ்பத்திரிதான் மோசமாகத் தெரியும். எல்லோரும் ஒரே விதிப்படி தேடினால்தான் ஒப்பிட முடியும். எய்ம்ஸ், ஐசிஎம்ஆர் கூட்டமைப்பு 2017-18இல் 26 ஆஸ்பத்திரிகளின் 89 ஐசியுக்களில் அப்படித் தேடியபோது 2,600க்கு மேற்பட்ட ரத்தத் தொற்றுகள் பதிவாயின.

பூஜ்யம் உண்மையாகவும் வரலாம். அமெரிக்காவின் மிச்சிகனில் கை கழுவுவது, தேவையில்லாத டியூபை உடனே எடுப்பது போன்ற ஐந்து பழக்கங்களை ஐசியுக்களில் கட்டாயமாக்கினார்கள். அங்கே இடைநிலை விகிதம் 2.7இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியதாக 2006இல் கட்டுரை வந்தது. அது தேடிப் பார்த்த பிறகு வந்த பூஜ்யம்.

சித்தப்பாவுக்கு டியூபை எடுத்த பிறகு குளிர் நின்றது. உங்க வீட்டில் யாருக்காவது இப்படி டியூப் இருந்து குளிர் வந்தால், மருந்துக்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: "கல்ச்சர் எடுத்தாச்சா? ரெண்டு இடத்திலிருந்தும் எடுத்தீங்களா?"