உடைந்த வளையலுக்கு மையம் எங்கே?

வண்டலூரில் கிளம்பும் வெளிவட்டச் சாலை ஏறத்தாழ 62 கி.மீ. ஓடி மீஞ்சூரில் முடிகிறது. பெயரில் வட்டம் இருந்தாலும் சாலை சென்னையை முழுதாகச் சுற்றவில்லை, கிழக்கே கடல். கணக்குப் பாஷையில் சொன்னால், வளைந்து வளைந்து போகும் ஒரு வில், அவ்வளவுதான்.

சரி, வில் மட்டும் கையில் இருந்தால் வட்டத்தின் மையத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். உடைந்த கண்ணாடி வளையல் துண்டு ஒன்றை நோட்டில் வைத்து, பென்சிலால் ஓரத்தை வரையுங்கள். அந்த வளைவில், ஒன்றுக்கொன்று இணையாக இல்லாத இரண்டு நாண்கள் போடுங்கள். ஒவ்வொன்றையும் சரிபாதியில் செங்குத்தாக வெட்டும் கோடு வரைந்து நீட்டுங்கள். இரண்டும் சந்திக்கும் புள்ளிதான் மையம்.

ஏன்? நாணின் இரு முனைகளும் மையத்திலிருந்து ஒரே தூரம்; இரண்டுமே ஆரம். இரு முனைகளுக்கும் சம தூரத்தில் உள்ள எல்லாப் புள்ளிகளும் அந்த மையக் குத்துக்கோட்டில்தான் இருக்கும். ஆகவே மையம் அதைவிட்டு எங்கும் போக முடியாது. இரண்டாவது கோடு அதன் இடத்தைச் சொல்லிவிடுகிறது.

போட்டித் தேர்வில் இதே விஷயம் வேறு உடையில் வரும்: 24 செ.மீ. நாண், மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி; ஆரம் என்ன? அவசரத்தில் 24-ஐ அப்படியே வர்க்கம் செய்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. குத்துக்கோடு நாணைப் பாதியாக்குகிறதே! 12-ஐ எடுங்கள். 12-ம் 5-ம் செங்கோண முக்கோணத்தின் பக்கங்கள், ஆரம் அதன் கர்ணம்: 144 + 25 = 169. ஆரம் 13 செ.மீ.